வீட்டில் செய்த போர்டில் மட்டும் ஏடிமெகா சிப் பதில் தரவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. செடிகளுக்குத் தண்ணீர் விட ஒரு கன்ட்ரோலர் போர்டை ஃபெரிக் குளோரைடில் எட்ச் செய்து எடுத்திருக்கிறேன். சிப் ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர், அதில் புரோகிராம் ஏற்றும் புரோகிராமர் யுஎஸ்பிஆஸ்ப். சால்டர் இல்லாமல் சொருகும் பிரெட்போர்டில் வைத்தால் சிப்பின் அடையாள எண்ணான சிக்னேச்சர் 1இ 95 0எஃப் என்று ஒழுங்காக வருகிறது. அதே சிப்பைப் போர்டில் சொருகினால் வெறும் 00 00 00.

மின்சாரம் வரும் 7, 20ஆம் பின்களில் 4.9 வோல்ட் இருக்கிறது. ரீசெட் பின்னை மேல் வோல்டேஜில் பிடித்து வைக்க 10 கிலோஓம் புல்அப் ரெசிஸ்டர். புரோகிராமரை இயக்கும் ஏவிஆர்டியூட் மென்பொருள் ஓடும்போது ரீசெட் வோல்டேஜ் பூஜ்ஜியத்துக்கு இறங்குகிறது. சிப்புக்கு டேட்டா போகும் மோசி, திரும்பி வரும் மிசோ, கிளாக் போகும் எஸ்சிகே ஆகிய மூன்று லைன்களிலும் மீட்டரில் கன்டின்யூட்டி பீப் வருகிறது. புரோகிராமர் தரும் இந்த எஸ்சிகே கிளாக் வேகத்தைக் குறைத்தும் பலனில்லை.

எஸ்சிகே லைனில் 330 ஓம் ரெசிஸ்டரோடு ஒரு எல்இடி இருக்கிறது. அதைவிட எனக்கு, சிப் ஓடுவதற்கான கிளாக்கைத் தரும் கிரிஸ்டல் மேல்தான் சந்தேகம். சிப்புக்குள் உள்ள செட்டிங்கான ஃப்யூஸை வெளிக் கிரிஸ்டலுக்கு மாற்றியாகிவிட்டது. போர்டில் உள்ள 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஓடவில்லை என்றால் சிப்புக்குக் கிளாக்கே கிடையாது, அப்புறம் பதில் எப்படி வரும்? சிப்பிலிருந்து கிரிஸ்டலுக்குப் போகும் செம்பு டிராக் 3 சென்டிமீட்டர் நீளம், ஓரிடத்தில் மயிரிழையாக மெலிந்திருக்கிறது.

ஆசிலோஸ்கோப் இல்லாமல் கிரிஸ்டல் ஓடுகிறதா என்று பார்க்க வழி உண்டா? மீட்டர் முனையை வைத்தாலே அது நின்றுவிடலாம் என்கிறார்கள். எல்இடியை முதலில் கழற்றவா, கிரிஸ்டலைச் சிப்பை ஒட்டி மாற்றி சால்டர் செய்யவா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.