தாவரவியல் பழைய தமிழ் நூல்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். முதலாண்டில் பாதிப்பேர் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள். போன வாரம் ‘டிரான்ஸ்பிரேஷன்’ என்றால் என்ன என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். தலைகுனிந்து நின்றாள். ‘நீராவிப்போக்கும்மா’ என்றதும் இலைத்துளை திறந்து மூடுவதில் தொடங்கி, உச்சி வெயிலில் அவர்கள் வயலில் கத்தரிச் செடி வாடுவது வரை கடகடவென்று சொன்னாள். தெரிந்த பிள்ளையை இத்தனை நாள் தெரியாதவளாக நினைத்துவிட்டேனே என்று மனசு கனத்தது.

1970களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களுக்கும் தமிழ் நூல்கள் வெளியிட்டது. அவற்றில் தாவரவியல், குறிப்பாகச் செயலியல் (செடிக்குள் நடக்கும் இயக்கங்களைப் பற்றிய பிரிவு) தொகுதிகள் வைத்திருப்பவர்கள் தெரிவியுங்கள். நகல் எடுத்துத் திருப்பித் தருகிறேன், செலவு என்னுடையது. அப்புறம், இரு மொழியிலும் கலைச்சொற்பட்டியல் தயாரித்த ஆசிரியர்கள் இருந்தால் அதையும் பகிருங்கள். நவம்பர் தேர்வுக்கு முன் கிடைத்தால் பேருதவி.