குருசுக்குப்பம் வீட்டுக் குழு: ரென் நகரத்து ஆட்டம்

டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை

(ரென் அக்கா என் பெரியம்மாவின் மகள். பிரான்சில், பிரெத்தாஞ் பகுதியில் உள்ள ரென் நகரத்தில் படிக்கிறார்.)

ரென் அக்கா, காலை 4.05
(காணொளி 0:52)
ஃபெஸ்ட் நோஸ், அதாவது இங்கத்து ராத்திரி ஆட்ட விழா, இன்னும் நடக்கிறது. நான் தோழிகளோடு அறைக்குக் கிளம்பிவிட்டேன். வளையத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று கண்டுபிடியுங்கள்!

அத்தை, காலை 6.20
நீலத் துப்பட்டா! இரண்டு பக்கமும் வயதான அம்மாக்கள் நின்று கையைப் பிடித்திருக்கிறார்கள்.

பெரியம்மா, காலை 6.34
எல்லாம் சரி, அங்கே அப்போது மணி என்ன, பதினொன்றரையா? ஜனவரியில் தேர்வு இருக்கிறது. அந்தக் குளிரில் ராத்திரி ஆட்டம் எதற்கு? படிக்கத்தானே அனுப்பினோம்.

மாமா, காலை 6.51
அண்ணி, முதலில் சத்தத்தைக் கேளுங்கள். மேடையில் இருப்பவர் ஊதுவது சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் நாக்கு, வைத்த வாத்தியம். பக்கத்தில் பை வைத்து ஊதுபவர் நிற்காத ஒரே சுருதியாக ஒத்து கொடுத்துக்கொண்டே பாட்டையும் வாசிக்கிறார். நான் நான்கு தடவை கேட்டுவிட்டேன். பாப்பா எழுந்ததும் சொல்லச் சொல்லுங்கள், அது என்ன வாத்தியம்?

தாத்தா, காலை 7.15
பிரெத்தாஞ் ஆட்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது நம் தெருவில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சொல்தா, பிரெஞ்சுச் சிப்பாய், அந்த ஊர்க்காரர்களோடு பட்டாளத்தில் இருந்தவர். அவர்களைப் பற்றி நிறையச் சொல்வார்.

நான், காலை 9.40
எனக்கும் நிறையக் கேட்க வேண்டும். அடுத்த வருடத்துக்கு விண்ணப்பம் போடும்போது எந்த ஊர் என்று முடிவு செய்ய வேண்டுமே. அக்கா எழட்டும்.

ரென் அக்கா, மதியம் 2.10
எழுந்துவிட்டேன். காலை உணவும் முடிந்தது அம்மா.

மாமா, அதன் பெயர் பொம்பார்ட். நம் நாகஸ்வரம் போலவே இரட்டைச் சீவாளி, ஆனால் நீளம் ஒரு அடிதான். ஊத அவ்வளவு மூச்சு வேண்டும். அதனால் பாட்டில் ஒரு வரியை ஊதிவிட்டு நிறுத்துவார். பக்கத்தில் பையோடு இருப்பது பினியூ. அது நிற்காமல் ஓடும், ஒரு ஸ்தாயி மேலே. பொம்பார்ட் மூச்சு வாங்கும் நேரத்தில் பினியூ அதே வரியைத் திருப்பிச் சொல்லும். இவர் கேட்க, அவர் பதில் சொல்ல, அப்படியே ஆட்டம் போகும்.

மாமா, மதியம் 2.14
மூச்சு வாங்க இடம் வேண்டும் என்பதிலிருந்தே பாட்டின் அமைப்பு வந்துவிட்டது! நம் ஆட்களும் இரண்டு நாகஸ்வரமாக உட்கார்ந்து மாற்றி மாற்றி வாசிப்பதில் இது கொஞ்சம் இருக்கிறது. வாயால் பாடுவதும் உண்டா?

ரென் அக்கா, மதியம் 2.21
உண்டு மாமா, எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். கான் ஹா டிஸ்கான் என்பார்கள். இரண்டு பேர், வாத்தியமே கிடையாது. முதல் ஆள் ஒரு வரி பாடுவார். அந்த வரியின் கடைசிச் சொற்களிலேயே இரண்டாம் ஆள் சேர்ந்துகொண்டு வரியைத் திருப்பிப் பாடுவார். இவர் முடிக்கும் இடத்தில் மறுபடி முதல் ஆள் சேர்வார். எங்கேயும் இடைவெளி விழாது, ஆடுபவர்களின் கால் நிற்காது.

மாமா, மதியம் 2.23
தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர் கடைசி அடியைப் பிடித்து இழுப்பாரே! நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் கூத்து கேட்டு வளர்ந்தவனுக்கு அது உடனே புரியும்.

பெரியம்மா, மதியம் 2.30
மாமாவும் மருமகளும் சங்கீதம் பேசுங்கள். என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ரென் அக்கா, மதியம் 2.52
அம்மா, உங்களுக்குத்தான் பெரிதாக எழுதிக்கொண்டிருந்தேன்.

வந்த புதிதில் நான் போனில் அழாமல் பேசியதற்குக் காரணம், நீங்கள் கவலைப்படுவீர்கள் என்பதுதான். ஆய்வகத்தில் வேலை பற்றிப் பேசிவிடுவேன். சாப்பாட்டு மேசையில் அவர்கள் சிரித்துப் பேசும்போது ஒரு வார்த்தையும் பிடிபடாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் அறையில் கூடிச் சமைத்தோம். அது நல்லதுதான், அவர்கள் இல்லாமல் நான் இருந்திருக்க மாட்டேன். ஆனால் அந்த அறைக்கு வெளியே இருந்த ஊர் எனக்கு இல்லாமலே இருந்தது.

அப்புறம் ஆய்வகத்தில் இருக்கும் ஒரு அம்மா, வியாழக்கிழமை நடனப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆன் ட்ரோ என்ற ஆட்டம். எல்லோரும் வரிசையாக நின்று சுண்டுவிரல்களைக் கோத்துக்கொள்ள வேண்டும். நாலு எண்ணிக்கைக்கு இடது பக்கம் நகர வேண்டும், நாலு எண்ணிக்கைக்கு நின்ற இடத்திலேயே கால் மாற்ற வேண்டும், கைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் பாடம். யாரும் உன் பெயர் என்ன, எந்த நாடு, எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்கவில்லை. விரலை நீட்டினார்கள். ஜோடி தேட வேண்டாம், உடை வேண்டாம், பாஷை வேண்டாம். எட்டு வயதுப் பையனும் எண்பது வயதுப் பாட்டியும் ஒரே வளையத்தில். அந்த வளையத்தில் நிற்கும்போதுதான் இந்த ஊரில் எனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று தோன்றியது.

அம்மா, மதியம் 2.58
படிக்கும்போதே கண் கலங்குகிறது. அந்த ஆய்வகத்து அம்மா நல்லா இருக்கட்டும்.

அத்தை, மதியம் 3.01
பெரிய அரங்கத்தில் நடக்கிறதே, நேற்று மட்டும்தானா? பழைய காலத்து விழாவா?

ரென் அக்கா, மதியம் 3.12
வருடம் முழுக்க, ஏதாவது ஒரு ஊரில் நடந்துகொண்டே இருக்கும் அத்தை. ரென்னில் நவம்பரில் யாவாங்க் என்று பெரிய விழா உண்டு. கிராமங்களில் ஊர்க்கூடத்திலேயே வைப்பார்கள்.

தொடக்கம் வயல் வேலையோடு சேர்ந்தது. புது வீட்டுக்கோ களத்துக்கோ மண் தரை போட்டால் ஊரையே கூப்பிட்டு ஆடவைப்பார்கள். அத்தனை கால்களும் மிதித்துத் தரை இறுகிவிடும். இயந்திரம் வந்ததும் அந்த ஆட்டம் கிட்டத்தட்ட நின்றுபோனது. 1950களில் சிலர் விடாமல் மேடையும் கூடமும் போட்டு மறுபடி கொண்டுவந்தார்கள். 2012ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு பாட்டி சொன்னார்: அவருடைய அம்மா பள்ளியில் இந்தப் பகுதியின் பிரெத்தோன் மொழி பேசினால் கழுத்தில் ஒரு கட்டையை மாட்டிவிடுவார்களாம். அடுத்து யார் பேசி மாட்டுகிறார்களோ அவர்களுக்கு மாற்ற வேண்டுமாம். அந்தப் பாட்டிக்கு இன்று பேத்தி பிரெத்தோன் பாட்டு பாடிக் காட்டுகிறாள். இதைக் கேட்ட பிறகு எனக்கு அது வெறும் பொழுதுபோக்காகத் தெரியவில்லை.

தாத்தா, மதியம் 3.20
அந்தக் கட்டை விஷயம் சொல்தாவும் சொல்லியிருக்கிறார். மறந்தே போயிருந்தேன்.

பாப்பா, அங்கே பெத்தாங்க், நம் இரும்புக் குண்டு எறியும் ஆட்டம், ஆடுகிறாயா இல்லையா?

ரென் அக்கா, மதியம் 3.24
ஆடாமல் இருப்பேனா தாத்தா! சனிக்கிழமை மாலை பூங்காவில் ஓய்வுபெற்ற தாத்தாக்கள் கூட்டம். புதுச்சேரி என்று சொன்னதும் ஒருவர் கேட்டார், அங்கே ஆடுவார்களா என்று. என் தாத்தாவிடம் கற்றேன் என்று சொல்லி, வட்டத்துக்குள் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றேன். நிற்கும் விதத்தைப் பார்த்தே சேர்த்துக்கொண்டார்கள்.

தாத்தா, மதியம் 3.37
சந்தோஷம். கால் நகராமல் நிற்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்ன கதை இது. 1907ல் தெற்குப் பிரான்சின் லா சியோத்தாவில் வாதநோய் வந்த ஒருவருக்கு, மூன்று எட்டு ஓடிவந்து எறியும் பழைய ஆட்டம் ஆட முடியாமல் போனது. அவருக்காக நின்ற இடத்திலிருந்தே எறியலாம் என்று விதியை மாற்றினார்கள். முடியாதவரையும் சேர்த்துக்கொள்ளப் பிறந்த ஆட்டம். அதனால்தான் எனக்கு இந்த வயதிலும் அது கிடைக்கிறது. குண்டு எத்தனை கிராம் எடுக்கிறாய்?

ரென் அக்கா, மதியம் 3.41
680 தாத்தா. உங்களுடையது 720 இல்லையா? இங்கே இன்னொன்றும் இருக்கிறது, வார்ப்பிரும்பு வில்லைகளை மரப்பலகை மேல் எறிவது. வில்லை பலகையிலேயே நிற்க வேண்டும். நீங்கள் பார்த்தால் விடமாட்டீர்கள்.

நான், மதியம் 3.48
அக்கா, எனக்கு ஆட வராது. விளையாட்டு என்றால் சிலம்பம் கொஞ்சம். நான் என்ன செய்வேன்?

ரென் அக்கா, மதியம் 4.05
உனக்குக் கூரென் பிடிக்கும். பிரெத்தாஞ் மல்யுத்தம். வெறும் கால். ரோஷெட் என்று தடித்த சட்டை, அதைத்தான் பிடிக்கலாம், கால்சட்டையைப் பிடிக்கக்கூடாது. தொடங்கும் முன் நேர்மையாக மோதுவேன் என்று உறுதிமொழி எடுப்பார்கள். எதிராளியின் இரண்டு தோளும் முதலில் தரையைத் தொட்டால் வெற்றி. விழுந்த பிறகு தரையில் புரண்டு சண்டை கிடையாது. பெண்களுக்கும் போட்டி உண்டு. சிலம்பத்தில் காலடி வைக்கக் கற்றவளுக்கு இங்கே பாதி வேலை முடிந்தது.

செலவுக்குப் பயப்படாதே. பல்கலைக்கழகத்தில் சேரும் முன் பெரும்பாலான மாணவர்கள் செவெக் என்று ஒரு கட்டணம் கட்ட வேண்டும், ஆண்டுக்கு 100 யூரோவுக்குச் சற்று மேல். விளையாட்டு, கலை, மருத்துவ உதவிக்கெல்லாம் போவது அந்தப் பணம்தான். பல பேர் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். வந்த முதல் வாரமே விளையாட்டுத் துறைக்குப் போய்ப் பெயர் கொடு. நல்ல வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தனியாக வைக்கும் மாலை நிகழ்ச்சிகளுக்கும் போ. ஆனால் அதோடு நிற்காதே. அங்கே எல்லோரும் உன்னைப் போல விருந்தாளிகள். வாரா வாரம் ஒரே முகங்கள் வரும் பயிற்சிக் கூடம் ஒன்றைப் பிடி. நாற்காலி எடுத்துப் போடு, கடைசியில் தரையைக் கூட்டு. எனக்கு பிரெஞ்சு நாக்கில் உட்கார்ந்தது வகுப்பில் இல்லை, அந்த நாற்காலிகளை அடுக்கும்போதுதான்.

அம்மா, மதியம் 4.11
ராத்திரி தனியாக வரக்கூடாது. அதை மட்டும் இரண்டு பேரும் உறுதி சொல்லுங்கள்.

ரென் அக்கா, மதியம் 4.13
உறுதி சித்தி. நான்கு பேராகப் போய் நான்கு பேராகத்தான் திரும்புவோம். ஜனவரி தேர்வு முடியும் வரை சனிக்கிழமை இரவும் கிடையாது, வியாழன் பயிற்சி மட்டும். அம்மா, சரியா?

பெரியம்மா, மதியம் 4.26
சரி. அந்தப் பாட்டிகள் உன் கையை இறுக்கிப் பிடித்திருப்பதை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவர்களுக்குக் கொடுக்க இங்கிருந்து என்ன அனுப்பலாம்? பெரியப்பா நண்பரின் மகன் 20ஆம் தேதி பாரிஸ் வருகிறான். முறுக்கு சாப்பிடுவார்களா?

ரென் அக்கா, மதியம் 4.28
சாப்பிடுவார்கள் அம்மா! காரம் மட்டும் குறைவாக.

மாமா, மதியம் 4.33
நான் ஒன்று எண்ணிப் பார்த்தேன். அந்த ஆன் ட்ரோ எட்டு எண்ணிக்கைதானே? ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று. பாடலீஸ்வரர் கோயில் நாகஸ்வரக்காரர் எனக்கு நன்றாகப் பழக்கம். சின்னதாக ஆதி தாளத்தில் ஒரு மல்லாரி, சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது, வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பட்டுமா? அந்தப் பொம்பார்ட்காரர் கேட்டு என்ன சொல்கிறார் என்று தெரிய வேண்டும்.

ரென் அக்கா, மதியம் 4.36
அனுப்புங்கள் மாமா! அவரே பயிற்சிக்கு வருவார். தவில் சத்தமும் தெளிவாகக் கேட்க வேண்டும். புதன்கிழமைக்குள் வந்துவிட்டால் வியாழன் எல்லோரையும் வைத்து ஆடிப் பார்க்கிறோம்.

மாமா, மதியம் 4.37
செவ்வாய் சாயரட்சை பூஜை முடிந்ததும் பிடித்துவிடுகிறேன்.