ஐபி முகவரியைப் பார்த்ததுமே பிடிபட்ட கோளாறுகள்: உங்கள் அனுபவம் என்ன?

நெட் வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும், "ஐபி என்ன காட்டுது?" என்றுதான் முதலில் கேட்பேன்; நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண் அது. ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் நீண்ட விடுப்பு முடிந்து வந்தவர்களுக்கும் மட்டும் இணைப்பு இல்லை. மற்ற எல்லோருக்கும் நன்றாக ஓடியது. கேபிளை மாற்றி, ஸ்விட்சை அணைத்துப் போட்டு, எல்லாம் செய்து பார்த்துவிட்டார்கள். பழுதான கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி. முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் டிஹெச்சிபி சர்வரிடம் கேட்டுப் பதில் வராதபோது கணினி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் எண் அது. அதை வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போக முடியாது.

சர்வரைத் திறந்தால் 192.168.1.100 முதல் 149 வரை, வெறும் 50 முகவரிகள். மடிக்கணினி, கைப்பேசி என்று ஆளுக்கு இரண்டு போய்விடும். ஒரு முகவரி ஒரு கருவிக்கென ஒதுங்கியிருக்கும் லீஸ் காலம் வேறு 8 நாள்! என்றோ வந்துபோனவரின் கைப்பேசிகூட ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வரம்பை 250 வரை நீட்டி, லீஸை 8 மணி நேரமாகக் குறைத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

~~~

எனக்கு மாட்டியது சப்நெட் மாஸ்க், அதாவது எந்த முகவரிகள் உள்ளூர் என்று கணினிக்குச் சொல்லும் எண். கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) இல்லாத தனி நெட்வொர்க், கேமராக்களுக்கு மட்டும். கணினி 192.168.1.20. சில கேமராக்களுக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, 192.168.1.200-க்குப் போகவில்லை. கேமராதான் பழுது என்று வேறு வாங்கவே தயாராகிவிட்டார்கள். கணினியில் மாஸ்க் 255.255.255.128 என்று இருந்தது. அந்தக் கணக்கில் 0 முதல் 127 வரைதான் உள்ளூர். 200 வேறு ஊர். கடைசி எண்ணை 0 ஆக்கியதும் படம் வந்தது. முகவரியைச் சரிபார்க்கும் பலர் மாஸ்க்கைப் பார்ப்பதே இல்லை.

~~~

வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் கேமராவுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) போட்டிருந்தார் நண்பர். எதுவும் திறக்கவில்லை. ரவுட்டரின் வேன் (WAN, இணைய நிறுவனத்தோடு இணையும்) பக்கத்தில் 100.72 என்று தொடங்கியது முகவரி. 100.64 முதல் 100.127 வரை உள்ளவை இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்த 2012-ல் ஒதுக்கப்பட்டவை. பழைய ஐபிவி4 முறையின் 32 பிட்டில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக அளவில் முகவரிகளை ஒதுக்கும் ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நம் ரவுட்டரில் எந்த போர்ட்டைத் திறந்தாலும் நிறுவனத்தின் வாசல் மூடியே இருக்கும். முகவரிகள் ஏராளமாக உள்ள புதிய முறையான ஐபிவி6 கிடைத்திருந்தது, ஆனால் அந்தக் கேமரா அதை ஏற்காது. அப்புறம் விபிஎன் என்ற தனிப் பாதை வழியாகத்தான் பார்க்கிறார்.