வலது பி.பி. (பாட்டம் பிராக்கெட், பெடல் கிராங்க் சுழலும் அச்சுப் பகுதி) கப் கழன்றுகொண்டே இருக்கிறது, எவ்வளவுதான் இறுக்குவது?

காலைச்சவாரி:
என் பழைய ஸ்டீல் ஃப்ரேம் சைக்கிளில் (பி.பி. உட்காரும் ஃப்ரேம் குழாயான ஷெல் 68 எம்.எம்., கிராங்க் மாட்டும் ஆக்ஸில் நுனி சதுரம்) கப்பும் பால்ஸும் தேய்ந்துபோனதால் போன மாதம் சீல்டு கார்ட்ரிட்ஜ் பி.பி. (ஆக்ஸிலும் பேரிங்கும் ஒரே மூடிய உருளையாக வருவது) வாங்கி நானே மாட்டினேன். மூன்றாவது நாளே மேட்டில் எழுந்து மிதித்தால் டக், டக். கிராங்கை எடுத்துப் பார்த்தால் வலது பக்கம் கையாலேயே கால் சுற்று திரும்புகிறது. மறுபடி இறுக்கினேன், ஒரே வாரத்தில் பழையபடி. இன்னும் பலமாக இறுக்கி ஷெல் மரை போய்விட்டால் என்ன செய்வது? அப்பா ஓட்டிய வண்டி, ஃப்ரேமை வீணாக்க மனம் வரவில்லை.

பட்டறைக்காரன்:
தம்பி, எந்தப் பக்கத்தை முதலில் இறுக்கினீர்கள்? 68 என்றால் அநேகமாக பி.எஸ்.ஏ. என்ற ஆங்கிலேய அளவு மரைதான், அதில் செயின் பக்கம் இடது மரை, கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் ஏறும். விளிம்பு வைத்த அந்தப் பக்கம் ஷெல்லில் முழுதாக உட்கார்ந்து இறுகிய பிறகுதான் இடது கப்பைத் தொட வேண்டும். இடதை முதலில் இறுக்கினால் கார்ட்ரிட்ஜ் உள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கும், வலது விளிம்பு ஷெல்லைத் தொடவே தொடாது.

இறுக்கம் 50 முதல் 70 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இல்லையா, 30 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 20 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு வேண்டும். இதற்கெல்லாம் ஸ்டீல் மரை போகாது. மரை போவது கோணலாக ஏற்றி ஸ்பானர் போடுவதால்தான். பழைய டூத் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் வைத்து மரையைத் தேய்த்துத் துடைத்துவிட்டு கிரீஸ் தடவுங்கள், அப்புறம் முதலில் தப்பான திசையில் மெதுவாகத் திருப்புங்கள், ஓரிடத்தில் 'டிக்' என்று மரை விழுவது விரலுக்குத் தெரியும், அங்கிருந்து சரியான திசையில் நான்கைந்து சுற்றாவது விரலாலேயே போக வேண்டும். போகவில்லையா, கழற்றிவிட்டுத் திரும்ப ஆரம்பியுங்கள்.

எதிர்க்காற்று:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. டூல் கப்பின் உள்பல்லிலிருந்து வழுக்கினால் அந்தப் பல்லும் போகும், விரல் முட்டியும் கிழியும். கிராங்க் போல்ட்டையும் ஒரு பெரிய வாஷரையும் போட்டு டூலை ஆக்ஸிலோடு பிடித்துவையுங்கள், ஆனால் டூல் திரும்பும் அளவுக்கு மட்டும். கிராங்க் போல்ட்டையும் விட்டுவிடாதீர்கள். லூஸாக இருக்கும் கிராங்கோடு பத்து கிலோமீட்டர் ஓட்டினாலும் அலுமினிய சதுர ஓட்டை உருண்டுவிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. அதே டக் சத்தம் அதிலிருந்தும் வரும்.

காலைச்சவாரி:
அண்ணா, இடதைத்தான் முதலில் இறுக்கியிருக்கிறேன்! இப்போது டார்ச் அடித்துப் பார்த்தேன், வலது விளிம்புக்கும் ஷெல்லுக்கும் நடுவே என் நகம் நுழைகிறது. கிராங்க் ஓட்டை நல்லவேளையாக சதுரமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை இரண்டையும் கழற்றி முதலிலிருந்து மாட்டுகிறேன், அதுவரை வண்டியை எடுக்கப்போவதில்லை.