வாரத் தவணையால் ஜாப் ஒர்க் யூனிட் திணறுது, வழி சொல்லுங்க

வணக்கம். திருப்பூரில் வீட்டோட சேர்ந்த ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட் நடத்துறேன், பனியன் கம்பெனிக்குக் கூலிக்குத் தைச்சுக் கொடுக்கிற வேலை. மூணு பவர் டேபிள் தையல் மெஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக். ஓவர்லாக் மெஷின், போன வருஷம் ஆடி முடிஞ்சதும் மகளிர் குழுக் கடனா ஒரு மைக்ரோ ஃபைனான்ஸில் 80,000 ரூபாய் எடுத்துப் போட்டது. இரண்டு வருஷக் கடன்.

மெஷின் வந்ததும் வேலை கூடுச்சு. வெளியே கொடுத்ததை இப்போ நாங்களே அடிக்கிறோம். சிக்கல் என்னன்னா, பீஸ் டெலிவரி கொடுத்து நாற்பத்தஞ்சு நாள் கழிச்சுத்தான் கம்பெனியில பணம் வருது. தவணையோ வாரா வாரம். சனிக்கிழமை டெய்லர் சம்பளம் வேற. கணக்குல லாபம் இருந்தும் கையில காசில்லாம நல்ல ஆர்டரைத் திருப்பி அனுப்புறேன், மனசு கேக்கல.

கம்பெனியில பாதி முன்பணம் கேட்டேன், மறுத்துட்டாங்க. வங்கியில முத்ரா கடன் கேட்டா பில் கேக்குறாங்க. எங்ககிட்ட டெலிவரி சீட்டு மட்டும்தான். இன்னொரு குழுக் கடன் தர்றோம்னாங்க, வேண்டாம்னுட்டேன். கடன் வாங்கிக் கடன் அடைச்சா யூனிட்டே போயிடும்.

கடன் வாங்கினவங்க தேவைக்கேத்த மாதிரி தவணை இடைவெளியை வச்சுக்க நிறுவனங்கள் கொள்கை வகுக்கணும்னு ரிசர்வ் வங்கியோட 2022 மைக்ரோ ஃபைனான்ஸ் விதியில இருக்கு. வசூலுக்கு வர்றவரோ, குழுவுக்கே ஒரே நாள்தான்னு சொல்லிட்டார்.

இந்த விதியைக் காட்டி வாரத் தவணையை மாதத் தவணையா மாத்தினவங்க யாராவது இருந்தா, யாருக்கு, எப்படி எழுதிக் கொடுத்தீங்க?