சுங்கை சிப்புட்டிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு மைவி: கண்டெய்னரா, ரோரோவா?

ரப்பர்பால்:
வணக்கம். ஆட்டோ கியர் மைவி கார், வங்கிக் கடன் முடியல. கிள்ளான் துறைமுகம் வழியா சபாவுக்கு அனுப்பணும். எது நல்லது? உள்ள பாத்திரம், துணி வைக்கலாமா? வண்டி இன்சூரன்ஸ் கடலுக்கும் செல்லுமா?

கொக்கி:
ரோரோன்னா ஓட்டியே கப்பல்ல ஏத்துவாங்க. சாவி பல கை மாறும், அதனால உள்ள ஒரு கரண்டிகூட வேணாம். பேட்டரியைக் கழட்டாதீங்க.

கண்டெய்னர்ல இடம்தான் பிரச்சனை. 20 அடிப் பெட்டியோட உள்ளகலம் சுமார் 2.35 மீட்டர், மைவி 1.735. பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர்தான் மிச்சம். ஏத்தினவர் இறங்கும்போதுதான் கதவு விளிம்பு பெட்டிச் சுவத்துல இடிக்கும். பழைய மெத்தையோ அட்டையோ கட்டச் சொல்லுங்க. பெட்டி லோரி மேலயே இருந்தா சரிவு செங்குத்தாகி முன் பம்பர் உரசும், தரையில இறக்கி ஏத்துற இடமாப் பாருங்க. வண்டியைக் கட்டுற வார் சக்கரத்தைச் சுத்தி வரணும், கூடவே சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் வைக்கணும். சஸ்பென்ஷன் கம்பியில கொக்கி மாட்டினா கப்பல் ஆடுறப்போ கம்பி வளையும். பெட்ரோல் கால் டாங்குக்குக் கீழ. இதுல மட்டும் பேட்டரி நெகட்டிவைக் கழட்டி டேப் சுத்துங்க.

என் கணக்குல, வெறும் வண்டின்னா ரோரோ போதும்.

செம்மண்சாலை:
தோட்ட ரோட்டுல பெரிய கேரியர் (கார் ஏத்திப் போற லோரி) திரும்பாது, டவுனுக்குக் கொண்டுவந்து ஏத்துங்க. அதுக்கு முன்னாடி அடிப்பக்கச் செம்மண்ணைக் கழுவிடுங்க. மண் ஒட்டியிருந்தா பழைய கீறல் எது, புதுசு எதுன்னு யாராலும் சொல்ல முடியாது. நாலு மூலை, கூரை, ரிம், மீட்டர் எல்லாத்தையும் தேதியோட படம் எடுங்க. கேரியர், துறைமுகம்னு ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் சோதனைத் தாள்ல கையெழுத்து வாங்குங்க. கீறல் பெரும்பாலும் கடல்ல விழுறதில்ல, ஏத்தி இறக்குற இடத்துலதான்.

கே3பாரம்:
கிரான் (வண்டிப் பதிவுச் சான்று) நகல், ஐசி (அடையாள அட்டை) நகல், வங்கியோட சம்மதக் கடிதம் தயாரா இருக்கட்டும். கடிதத்துக்கு நாள் பிடிக்கும், அதை முதல்ல கேளுங்க. தீபகற்ப மலேசியாவுலருந்து சபாவுக்குப் போற சரக்குக்கான சுங்கத்துறை கே3 பாரத்தை ஏஜெண்ட் போடுவார். நம்பர் பிளேட் மாத்த வேண்டாம்.

சாதாரண மோட்டார் பாலிசியில கடல்வழின்னா பினாங்கு நீரிணை மட்டும்தான். கடல்சரக்குக் காப்புறுதி தனியா எடுங்க. கப்பலைக் காப்பாத்த யாரோ ஒருத்தரோட சரக்கைக் கடல்ல தள்ளினா, சேதமாகாத வண்டிக்காரரும் நஷ்டத்துல பங்கு கட்டணும். அந்தப் பங்கையும் இந்தக் காப்புறுதி பார்த்துக்கும். முழு நஷ்டத்துக்கு மட்டுமா, கீறலுக்கும் உண்டான்னு கேட்டுட்டுப் பணம் கட்டுங்க.

ரப்பர்பால்:
நன்றி. கார் கவர் போட்டு அனுப்பலாமா?

கொக்கி:
வேணாம். கேரியர்ல காத்துக்கு அடிச்சு அடிச்சு, கவரே பெயிண்டைத் தேய்ச்சிடும்.