புதுப்பிப்பு: படகு இன்ஜின் கொதிப்பது நின்றது

தேம்ஸில் ஷெப்பர்ட்டன் பக்கம் கட்டியிருக்கும் என் 1971 ஃபைபர் கிளாஸ் படகு 20 நிமிடம் ஓடினாலே டீசல் இன்ஜின் கொதிக்கிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். பலரும் இம்பெல்லரைத்தான் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரம்) சொன்னீர்கள். சரிதான், ஆனால் பாதி.

பம்ப் மூடியைக் கழற்றினால் 6 ரப்பர் இதழ்களில் இரண்டைக் காணோம். புதியது போட்டும் சூடு கொஞ்சம்தான் குறைந்தது. உடைந்த துண்டுகள் எங்கேயாவது போயிருக்க வேண்டுமே? அந்தத் தண்ணீர் இன்ஜின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் ஓர மூடியைத் திறந்தேன். ஒரு துண்டு குழாய் வாயில் அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது; இன்னொன்று அதற்கு முந்தைய வளைவில். எடுத்ததும் பின்பக்கக் குழாயில் தண்ணீர் நன்றாகத் துப்புகிறது. இரண்டு மணி நேரம் ஓட்டியும் முள் 80 டிகிரியைத் தாண்டவில்லை.

அப்புறம், புரொப்பல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் சொட்டுகிறதே என்று நட்டை இறுக்கியிருந்தேன். தப்பு. ஓடும்போது ஓரிரு சொட்டு விழத்தான் வேண்டும். இல்லாவிட்டால் பேக்கிங் (தண்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் திரி) சூடேறித் தண்டைத் தேய்த்துவிடும். கால் சுற்று தளர்த்தியாயிற்று.

ஜன்னல் ஒழுகல் அப்படியேதான் இருக்கிறது. 4 வருடத்துக்கு ஒருமுறை வாங்கும் பாதுகாப்புச் சான்றிதழ் வசந்தத்தில் முடிகிறது. அதற்குள் முதலில் கேஸ் ஹோஸை மாற்ற வேண்டும்.